தை மாத இளைப்பு: பழி பனிக்கு மட்டும்தானா?

கேள்வி: மன்னார்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. அம்மாவுக்கு வயது 62. வருடம் முழுக்க நன்றாக இருப்பவருக்குத் தை பிறந்தால் இருமலும் இளைப்பும் வந்துவிடும். மாசி கடைசிவரை விடாது. பனி ஒத்துக்கொள்ளவில்லை என்கிறார்கள். வீட்டுக்கு எதிரே நெல் கொள்முதல் நிலையம் இருக்கிறது. ஆனால் கைபேசியில் காற்றுத் தரக் குறியீடு 80, 90 என்றுதான் காட்டுகிறது. காற்றுச் சுத்திகரிப்பான் வாங்கலாமா?

பதில்: சுத்திகரிப்பானை ஒத்திப்போடுங்கள். கதவு ஜன்னலை இறுக மூடிய ஒரே அறையில்தான் அது வேலை செய்யும். முற்றமும் ஓட்டுக்கூரையும் உள்ள வீட்டில் மின்கட்டணம் ஏறுவதுதான் மிச்சம்.

கைபேசி காட்டும் எண்ணை நம்பி நிம்மதி அடையவும் வேண்டாம். பெரும்பாலான கிராமங்களில் அளவீட்டுக் கருவியே கிடையாது. தொலைவில் உள்ள நிலையத்தின் அளவையோ கணினிக் கணிப்பையோதான் செயலி உங்கள் ஊரின் பெயரில் காட்டுகிறது. போதாததற்கு, தூசிக்கான குறியீடு 24 மணி நேரச் சராசரி. விடியற்காலையில் இரண்டு மணி நேரம் தெருவே புகையில் மூழ்கினாலும் அது சராசரியில் கரைந்துவிடும். இந்திய அளவுகோலில் 80 என்பது ‘திருப்திகரம்’. நுண்துகளான பி.எம். 2.5-ஐ வைத்துச் சொன்னால், அது கனமீட்டருக்கு ஏறத்தாழ 48 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வகுத்த ஒரு நாள் வரம்பு 15.

இனி பனிக்கு வருவோம். தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். குளிர்ந்த காற்று மூச்சுக்குழாயைச் சுருக்கும் என்பது உண்மைதான். ஆனால் அந்தப் பனிக்குள் என்ன இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். மேகமில்லாத இரவில் தரை வேகமாகக் குளிர்கிறது. அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனத்துக் கீழேயே தங்குகிறது. மேலே வெப்பமான காற்று பானை மூடிபோல் உட்கார்ந்துகொள்கிறது. பொழுது சாய்ந்தபின் வெளியே வந்து பாருங்கள். அடுப்புப் புகை மேலே போகாமல் தென்னை மட்டை உயரத்தில் தட்டையாகப் படுத்திருக்கும். அந்தி நேரத்தில் யாராவது வயல் தாளுக்கோ சருகுக்கோ தீ வைத்தால், அந்தப் புகை விடியும்வரை ஊரைவிட்டு நகராது. வெயில் ஏறி எட்டரை, ஒன்பது மணி ஆனால்தான் மூடி திறக்கும். உங்கள் அம்மா விடியலில் வாசல் தெளிக்க வருவதும் கோயிலுக்கு நடப்பதும் அந்த நேரத்தில்தானே? அதை ஒன்பது மணிக்கு மேல் தள்ளுங்கள். செலவில்லாத வைத்தியம் இது.

கொள்முதல் நிலையத்துத் தூசி வேறு வகை. நெல்லைத் தூற்றும்போது பறக்கும் பதரிலும் சுணையிலும் பெரும்பகுதி பருமனானது. பத்து மைக்ரானைவிடப் பெரிய துகள் குறியீட்டில் கணக்கிலேயே வராது. மூக்கையும் தொண்டையையும் அரித்து, ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இளைப்பைக் கிளப்பிவிடும். பருமனான தூசி சீக்கிரம் தரையில் விழுந்துவிடும் என்பது நமக்குச் சாதகம். தூற்றும் இயந்திரத்தைத் தெருப்பக்கமிருந்து பின்பக்கம் மாற்றச் சொல்லுங்கள். நடுவில் பச்சை நிழல்வலை கட்டச் சொல்லுங்கள். பொறுப்பாளரிடம் ஊராட்சித் தலைவரோடு போய்ப் பேசினால் காரியம் நடக்க வாய்ப்பு அதிகம். வாசலை உலர்ந்த விளக்குமாற்றால் பெருக்காமல் தண்ணீர் தெளித்துப் பெருக்குங்கள். அதையும் அம்மா செய்ய வேண்டாம்.

வெளியே போகத்தான் வேண்டும் என்றால் என்95 முகக்கவசம், மூக்கின் இருபுறமும் இடைவெளி இல்லாமல். ஈரத்துண்டு சுணையை ஓரளவு தடுக்கும். புகையின் நுண்துகளைத் தடுக்காது.

நீங்கள் எழுதாத ஒன்றைக் கேட்கிறேன். மாட்டுக்கு வைக்கோல் உருவிப் போடுவது யார்? மழையில் நனைந்து வெள்ளைப் பூஞ்சணம் பூத்த போரிலிருந்து உருவும்போது எழும் தூள் நுரையீரலின் ஆழத்தில் ஒவ்வாமையை உண்டாக்கும். காலையில் உருவினால் நான்கு முதல் எட்டு மணி நேரம் கழித்துக் குளிர்காய்ச்சல், வறட்டு இருமல், மூச்சுத்திணறல். சளிக்காய்ச்சல் என்று மாத்திரை போட்டு விட்டுவிடுவோம். ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால் நுரையீரலில் ஆறாத தழும்பு விழும். அம்மாவுக்கு இந்தக் கணக்கு பொருந்துகிறது என்றால் அந்த வேலையிலிருந்து அவரை முழுவதுமாக விடுவியுங்கள். மருத்துவரிடமும் இதை விட்டுவிடாமல் சொல்லுங்கள். விறகடுப்பு இருந்தால், சுத்திகரிப்பானுக்கு எடுத்துவைத்த பணத்தில் முதலில் எரிவாயு வாங்குங்கள்.

பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் நெஞ்சக நோய்ப் பிரிவில் மூச்சுத்திறன் சோதனை செய்துகொள்ளட்டும். ஆஸ்துமா என்று உறுதியானால், இளைப்பு வந்தபின் உறிஞ்சும் மருந்து மட்டும் போதாது. வராமல் தடுக்கும் இன்ஹேலரும் தேவைப்படும். அடுத்த ஆண்டு அதை அறுவடைக்கு முன்பே, மார்கழியிலேயே தொடங்கலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இன்ஹேலர் பழகினால் விட முடியாது என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள், காதில் வாங்காதீர்கள். ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாமல் மூச்சு வாங்கினாலோ உதடு நீலம் பாய்ந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே 108-ஐ அழையுங்கள்.