பிக் ஸ்டார்: இருப்பதே மூன்று ஆல்பம், எதில் தொடங்குவது?

செந்தூலிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். பிரிக்பீல்ட்ஸில் ஒரு காப்பிக்கடையில் உட்கார்ந்திருந்தபோது 'தர்ட்டீன்' என்ற ஆங்கிலப் பாட்டு ஓடியதாம். யார் பாடுவது என்று கடைக்காரரிடமே கேட்டு, அன்று இரவு பிக் ஸ்டார் குழுவைத் தேடிப் பிடித்திருக்கிறார். எழுபதுகளில் இவர்கள் பதிவு செய்தது மூன்றே ஆல்பம். படித்த இடத்திலெல்லாம் மூன்றாவதுதான் உச்சம் என்று இருந்ததால் நேராக அதைப் போட்டிருக்கிறார். "நாலு பாட்டுக்கு மேல் முடியவில்லை அக்கா. எனக்குத்தான் கேட்கத் தெரியவில்லையா, இல்லை ஆரம்பித்த இடம் தப்பா? காசு கொடுத்து ஒன்றுதான் வாங்க முடியும். எதை வாங்கலாம்?" இதுதான் அவர் கேள்வி.

ஆரம்பித்த இடம்தான் தப்பு, தம்பி. நானும் அதே இடத்தில்தான் தடுக்கி விழுந்தேன். தொண்ணூறுகளின் நடுவில் பினாங்கில் ஒரு கேசட் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். கோலாலம்பூரிலிருந்து வந்த நண்பர் ஒருவர் மூன்றாவது ஆல்பத்தை ஒரு வெற்றுக் கேசட்டில் பிடித்துக் கொடுத்தார். நீல மையில் பாட்டுப் பெயர்களை எழுதியிருந்தார். கடை சாத்திய பிறகு ஒரு தடவை கேட்டேன். யாரோ ஒருவர் வீட்டுக்குள் தெரியாமல் நுழைந்து, அவர் அழுவதைப் பார்த்துவிட்ட மாதிரி இருந்தது. கேசட்டை டப்பாவில் போட்டு மூடியவள் இரண்டு வருடம் திறக்கவில்லை. அப்புறம் முதல் இரண்டு ஆல்பங்களும் ஒரே சிடியில் கையில் கிடைத்தன. அவற்றைப் பல வாரம் கேட்ட பிறகு அந்தப் பழைய கேசட்டை எடுத்தேன். அதே பாட்டுகள்தான். இந்த முறை அழுகிறவர் யார், எதை இழந்து அழுகிறார் என்று தெரிந்தது.

அதனால் நான் சொல்வது ஒன்றுதான்: வெளிவந்த வரிசையிலேயே கேளுங்கள். எல்லாக் குழுவுக்கும் இப்படிச் சொல்ல மாட்டேன். பல குழுக்களுக்கு நடுவிலிருந்து தொடங்குவதுதான் நல்லது. பிக் ஸ்டாருக்கு மட்டும் வரிசை முக்கியம். ஏனென்றால் இந்த மூன்று ஆல்பங்களும் ஒரு வீட்டிலிருந்து ஒவ்வொருவராக வெளியேறும் கதை. முதல் ஆல்பத்தில் நான்கு பேர். இரண்டாவதில் மூன்று. மூன்றாவதில் மிஞ்சியது இரண்டே பேர்.

அந்த நால்வர்: அலெக்ஸ் சில்டன், கிறிஸ் பெல், ஆண்டி ஹம்மல், ஜோடி ஸ்டீஃபன்ஸ். ஊர், அமெரிக்காவின் டென்னசி மாநிலத்து மெம்ஃபிஸ். 1971-இல் சேர்ந்தார்கள். ஆர்டென்ட் ஸ்டூடியோவில் பதிவு செய்தார்கள். எதிரே இருந்த பேரங்காடியின் பெயரையே குழுவுக்கு வைத்துக்கொண்டார்கள். சில்டன் அதற்கு முன்பே புகழைப் பார்த்தவர். 1967-இல், பதினாறு வயதில், பாக்ஸ் டாப்ஸ் குழுவுக்காக அவர் பாடிய 'தி லெட்டர்' அமெரிக்காவில் முதலிடத்துக்குப் போனது. அந்தப் பாட்டில் அவர் குரல் கரகரவென்று நாற்பது வயதுக்காரர் குரல் போல இருக்கும். பிக் ஸ்டாரில் அது மெலிந்து, இளைத்து, உண்மையான வயதுக்குத் திரும்பியிருக்கும்.

முதல் ஆல்பம் 1972-இல் வந்த 'நம்பர் ஒன் ரெக்கார்ட்'. செயலியில் தேடும்போது 'நம்பர்' என்று எழுத்தில் அடிக்காதீர்கள். கட்டக்குறியும் (#) 1-உம் போட்டால்தான் சரியாக வரும். மொத்தம் பன்னிரண்டு பாட்டு, முப்பத்தேழு நிமிடம் போல. செந்தூல் தீமோரிலிருந்து புக்கிட் ஜாலில் வரை ரயிலில் வேலைக்குப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். போகும்போது முதல் ஆறு பாட்டு, திரும்பும்போது மீதி ஆறு. இசைத்தட்டின் இரண்டு பக்கமும் அப்படித்தான் பிரிந்திருந்தன. ஒரு வாரத்துக்கு இது மட்டும் போதும்.

உங்களுக்குப் பிடித்த 'தர்ட்டீன்' இதில் நாலாவது. அதற்குத் தாவாதீர்கள். முதல் பாட்டான 'ஃபீல்' கிறிஸ் பெல் பாடியது. குரல் உச்சியில் ஏறி, உடைந்துவிடுமோ என்கிற இடத்திலேயே நிற்கும். அடுத்தது 'தி பாலட் ஆஃப் எல் கூடோ', சில்டன் பாடுவது. நிதானமாகத் தொடங்கி, பல்லவி வரும்போது எல்லாக் குரல்களும் அடுக்கடுக்காகச் சேரும். இந்த இரண்டு பாட்டிலேயே இரண்டு பேரின் குணமும் தெரிந்துவிடும். பெல் எதையும் முழுதாகச் செய்து முடிக்கத் துடிக்கிறவர். சில்டன் ஒரு ஓரத்தை அப்படியே விட்டுவிடுகிறவர். முதல் வாரத்தில் உங்கள் வேலை, எந்தப் பாட்டை யார் பாடுகிறார் என்று பெயரைப் பார்க்காமல் சொல்லப் பழகுவது. அது பிடிபட்டால் மற்ற இரண்டு ஆல்பங்களும் தானாகத் திறக்கும்.

மூன்றாவது பாட்டு 'இன் தி ஸ்ட்ரீட்' எங்கேயோ கேட்டது போல இருக்கும். 'தட் செவன்ட்டீஸ் ஷோ' தொலைக்காட்சித் தொடரின் முகப்புப் பாட்டு இதுதான், வேறு ஆட்கள் பாடியது. அதற்கு அடுத்து 'தர்ட்டீன்' வரும்போது, காப்பிக்கடையில் கேட்டதைவிட வேறு மாதிரி கேட்கும் பாருங்கள். டிரம்ஸ் கிடையாது. அக்கூஸ்டிக் கிட்டார், பின்னால் மெல்லச் சேரும் குரல்கள், இரண்டரை நிமிடம். பள்ளி முடிந்து ஒரு பெண்ணை வீடு வரை கொண்டுபோய் விடட்டுமா என்று கேட்கும் பையனின் பாட்டு. சத்தமான மூன்று பாட்டுக்குப் பிறகு திடீரென்று அறை காலியாகிவிட்டது போல இருக்கும். தனியாகக் கேட்டால் அந்த அமைதியின் அருமை முழுதாகத் தெரியாது.

ஆறாவது 'தி இந்தியா சாங்'. ஹம்மல் எழுதியது. இந்தியாவுக்குப் போய், காட்டுக்குள் பெரிய வெள்ளை வீட்டில் இருந்துகொண்டு, ஜின் குடித்து, பியானோ வாசித்துக்கொண்டு வாழ வேண்டும் என்று ஓர் அமெரிக்க இளைஞன் காணும் கனவு. மெட்டு அழகானது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் என் தாத்தா ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். அந்த வெள்ளை வீட்டை எங்கள் குடும்பம் துரை பங்களா என்று சொல்லும். அதை வேலிக்கு வெளியே நின்றுதான் பார்த்தோம். நான் இந்தப் பாட்டைத் தாண்டிப் போய்விடுவேன். நீங்கள் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

இவ்வளவு நல்ல ஆல்பம் ஏன் விற்கவில்லை என்று தோன்றும். விமர்சகர்கள் பாராட்டினார்கள்; கடைகளில் தட்டு இல்லை. ஆர்டென்டின் வெளியீடுகளைக் கடைகளுக்கு அனுப்பியது ஸ்டாக்ஸ். கறுப்பின மக்களின் சோல் இசையில் பெரிய நிறுவனம். ஆனால் ராக் இசைத்தட்டுகளைக் கடைகளில் சேர்க்கும் பழக்கம் அவர்களுக்குப் போதவில்லை. பிறகு விநியோகம் கொலம்பியா என்ற இசைத்தட்டு நிறுவனத்தின் கைக்கு மாறியும் நிலைமை தேறவில்லை. 1975 முடிவதற்குள் ஸ்டாக்ஸே திவாலானது. வானொலியில் பாட்டைக் கேட்டவர் கடைக்குப் போனால் வெறுங்கையோடு திரும்புவார். அந்தத் தோல்வியை அதிகம் தாங்க முடியாமல் போனவர் கிறிஸ் பெல். 1972 முடிவதற்குள் விலகிவிட்டார்.

இரண்டாவது வாரம் 'ரேடியோ சிட்டி', 1974. ஒன்றுதான் வாங்க முடியும், அதுவும் தனித்தனியாகத்தான் கிடைக்கிறது என்றால் நான் இதைத்தான் வாங்கச் சொல்வேன். அட்டையிலிருக்கும் சிவப்புக் கூரையும் வெறும் பல்பும் வில்லியம் எகிள்ஸ்டன் எடுத்த புகைப்படம். வண்ணப் புகைப்படக் கலையில் பெரிய பெயர் அவர். படத்தைப் பார்த்தாலே உள்ளே என்ன இருக்கிறது என்று பாதி தெரியும்: பளிச்சென்ற நிறம், கொஞ்சம் பயம். பெல் இல்லாததால் பாட்டுகளின் விளிம்பைத் தேய்த்து மெருகேற்ற ஆளில்லை. முதல் பாட்டு 'ஓ மை சோல்' ஐந்தரை நிமிடத்துக்கு மேல், எங்கே திரும்பும் என்று சொல்ல முடியாமல் ஓடும். அது முதல் தடவையில் பிடிக்காமல் போகலாம், கவலை வேண்டாம். 'பேக் ஆஃப் எ கார்' வரை பொறுங்கள். அதில் ஜோடி ஸ்டீஃபன்ஸின் டிரம்ஸை மட்டும் ஒரு தடவை தனியாகக் காது கொடுத்துக் கேளுங்கள். தாளம் பிடிக்கிற வேலையோடு நிற்காது, பாடகரோடு சேர்ந்து அதுவும் ஒரு வரி பாடும். தவில்காரர் நாதஸ்வரத்துக்குப் பதில் சொல்வதைக் கோயிலில் கேட்டு வளர்ந்த நமக்கு இது சட்டென்று புரியும்.

அதன் பிறகு 'செப்டம்பர் கேர்ள்ஸ்'. தேடும்போது கவனம், கேர்ள்ஸில் ஐ எழுத்துக்குப் பதில் யூ போட்டுத்தான் எழுதியிருப்பார்கள். மூன்று நிமிடம்கூட வராது. கிட்டார் மணி அடித்தது போலத் தொடங்கும். மெட்டு மகிழ்ச்சியானது, சொல் வருத்தமானது. இரண்டும் ஒன்றையொன்று விட்டுக்கொடுக்காமல் கடைசி வரை போகும். பிக் ஸ்டார் என்றால் என்ன என்று ஒரே பாட்டில் காட்டு என்று யாராவது கேட்டால் இதைத்தான் போடுவேன். ஆல்பத்தின் கடைசிப் பாட்டில் சில்டனும் ஒரு கிட்டாரும் மட்டும். 'தர்ட்டீன்' பையன் கொஞ்சம் வளர்ந்து வந்தது போல இருக்கும்.

இந்த ஆல்பமும் கடைகளை எட்டவில்லை. ஹம்மல் விலகினார். பின்னாளில் பொறியாளராகி, இசைக்குத் தொழிலாகத் திரும்பவே இல்லை.

இப்போது உங்களைத் துரத்திவிட்ட மூன்றாவது. 1974-இன் கடைசி மாதங்களில் சில்டனும் ஸ்டீஃபன்ஸும் தயாரிப்பாளர் ஜிம் டிக்கின்சனோடு பதிவு செய்தது. கேட்ட நிறுவனங்கள் எல்லாம் வேண்டாம் என்றன. 1978-இல்தான் வெளிவந்தது. சில பதிப்பில் 'தர்ட்', சிலவற்றில் 'சிஸ்டர் லவர்ஸ்', சிலவற்றில் இரண்டும் சேர்ந்த பெயர். இதுதான் வரிசை என்று குழுவே முடிவு செய்யாததால், பாட்டுகளின் வரிசையும் பதிப்புக்குப் பதிப்பு மாறும். அதனால் இந்த ஒரு ஆல்பத்தில் மட்டும் வரிசையை நீங்களே வைத்துக்கொள்ளலாம், தப்பில்லை.

நான் சொல்லும் வழி இது. முதலில் 'ஸ்ட்ரோக் இட் நோயல்'. பெயரிலிருக்கும் நோயல், அந்தப் பதிவில் வயலின் வாசித்த நோயல் கில்பர்ட். பாட்டின் நடுவில் வயலின் எழும்போது பெயரின் பொருள் புரிந்துவிடும். அடுத்து 'ஃபார் யூ', ஸ்டீஃபன்ஸ் தானே எழுதிப் பாடியது. இந்த ஆல்பத்திலேயே நேரான, கள்ளமில்லாத காதல் பாட்டு. பிறகு 'ப்ளூ மூன்', 'நைட் டைம்', 'டேக் கேர்'. இந்த ஐந்தும் பிடித்துவிட்டால் பயம் போய்விட்டது என்று அர்த்தம். அதன் பிறகு 'பிக் பிளாக் கார்', கடைசியாக 'கங்காரூ'. அதில் குரலும் கிட்டாரும் ஒன்றோடொன்று ஒட்டிப் பதிவானவை, பிரிக்க முடியாது. மேலே சேர்த்த ஒலிகளெல்லாம் இருட்டில் கை நீட்டித் தடவுவது போல இருக்கும். அவசரமாகக் கேட்டால் குழப்பம். மூன்றாம் முறை கேட்கும்போது அந்தத் தடவலில் ஓர் இரக்கம் இருப்பது தெரியும்.

'ஹோலோகாஸ்ட்' என்ற பாட்டை மட்டும் தள்ளிப் போடுங்கள். பியானோவும் ஒரு தளர்ந்த குரலும். தாயை இழந்தவரின் மனம் எப்படியிருக்கும் என்பதை ஒளிக்காமல் சொல்கிறது. நல்ல பாட்டு, மிக நல்ல பாட்டு. ஆனால் மனசு சரியில்லாத நாளில், நடுராத்திரியில், தனியாகக் கேட்க வேண்டாம். இதை அக்காவாகவே சொல்கிறேன்.

2005-இல் வந்த 'இன் ஸ்பேஸ்' பற்றிக் கேட்கவில்லை, நானும் அதிகம் சொல்லப் போவதில்லை. சில்டனும் ஸ்டீஃபன்ஸும் 1993-இல் போசீஸ் குழுவின் இருவரைச் சேர்த்துக்கொண்டு மறுபடி மேடையேறினார்கள். அந்தக் கூட்டணியின் ஆல்பம் அது. மற்ற மூன்றும் மனப்பாடமான பிறகு பார்த்துக்கொள்ளலாம். அதைவிட அவசரமாக நீங்கள் தேட வேண்டியது கிறிஸ் பெல்லின் 'ஐ ஆம் தி காஸ்மோஸ்'. 1978-இல் சிறு தட்டாக வந்தது. அதன் மறுபக்கத்தில் 'யூ அண்ட் யுவர் சிஸ்டர்'. அதில் பின்னால் குரல் கொடுப்பவர் அலெக்ஸ் சில்டன். பிரிந்துபோன இரண்டு பேரும் ஆறு வருடம் கழித்து வெளிவந்த ஒரு பாட்டில் சேர்ந்து கேட்கிறார்கள். அதே வருடம் டிசம்பர் 27-இல் பெல் கார் விபத்தில் இறந்தார். வயது இருபத்தேழு. மறுநாள் சில்டனின் பிறந்த நாள். பெல்லின் மற்றப் பாட்டுகள் ஆல்பமாக வர 1992 ஆகிவிட்டது.

வாங்குவதைப் பற்றி. முதல் இரண்டு ஆல்பங்களையும் ஒரே சிடியில் போட்டு வெளியிட்டிருக்கிறார்கள். ஒன்றுதான் வாங்க முடியும் என்கிற உங்களுக்கு அதுதான் சரி. ஒரு காசில் இரண்டும் வந்துவிடும். பழைய சிடியாகக் கிடைத்தால் இன்னும் நல்லது. வார இறுதியில் பெட்டாலிங் ஜெயா அம்கார்ப் மாலில் பழைய பொருள் சந்தை போடுவார்கள். இசைத்தட்டும் சிடியும் தேடுகிறவர்கள் கூடும் இடம். தாமான் ஜெயா ரயில் நிலையத்தில் இறங்கினால் நடந்தே போகலாம். பினாங்குப் பக்கம் வந்தால் லோரோங் கூலிட் காலைச் சந்தையையும் ஒரு சுற்று பாருங்கள், வெயில் ஏறுவதற்குள். கடைக்காரரிடம் குழுவின் பெயரை மட்டும் சொன்னால் தெரியாமல் போகலாம். நட்சத்திரம் போட்ட அட்டை, சிவப்புக் கூரை அட்டை என்று சொல்லிக் கேளுங்கள். சிடியை வெளியே எடுத்து வெளிச்சத்தில் சாய்த்து, கீறல் பார்த்த பிறகு வெள்ளியை எடுங்கள்.

மூன்றாவதை இப்போது வாங்க வேண்டாம். பின்னால் வாங்கும்போது 1992-இல் வந்த பதிப்பைத் தேடுங்கள். 'கிஸ்ஸா மீ'யில் தொடங்கி 'டேக் கேர்' வரை ஓடும். அதற்குப் பின் வருபவை கூடுதலாகச் சேர்த்த பாட்டுகள். 'டேக் கேர்' முடிந்ததும் நிறுத்திவிட்டு, கூடுதல் பாட்டுகளை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.