பாலிஷ் போட்ட அன்று கண்ணாடி, பத்து நாளில் கோடு கோடாக!

கேள்வி: என்னுடைய கார் கருப்பு நிறம். வாங்கி நாலு வருடம் ஆகிறது. சர்வீஸுக்கு விட்டபோது ரப்பிங் பாலிஷ் போட்டுத் தருகிறோம் என்றார்கள், சரி என்றேன். எடுத்து வந்த அன்று முகம் பார்க்கலாம் போல இருந்தது. இரண்டு மூன்று வாட்டர் வாஷ் ஆனதும், பெட்ரோல் பங்க் விளக்குக்கு அடியில் பார்த்தால் பானெட் முழுக்க வட்ட வட்டமாகக் கோடு. காரைச் சுற்றி நடந்தால் அலை அலையாக ஏதோ கூடவே நகர்கிறது. கேட்டால், கருப்பு கார் என்றால் அப்படித்தான் சார் என்கிறார்கள். நானே ஒரு மிஷின் வாங்கிப் பாலிஷ் போடலாமா? எதை வாங்கினால் கோடு விழாது?
(கோவை வாசகர்)

பதில்: கருப்பில் கோடு பளிச்சென்று தெரியும் என்பது உண்மை. ஆனால் கோடு தானாக விழுவதில்லை, யாரோ போட்டதுதான்.

நீங்கள் பார்ப்பது இரண்டு வேறு வேறு சங்கதி. வட்ட வட்டமாகத் தெரிவது, கழுவும்போதும் துடைக்கும்போதும் விழுந்த நுண்ணிய கீறல். அவை வட்டமாகவே இருப்பதில்லை, எல்லாத் திசையிலும் கன்னாபின்னாவென்று கிடக்கும். விளக்கொளிக்குக் குறுக்காக அமைந்த கீறல்கள் மட்டும் மின்னுவதால் விளக்கைச் சுற்றி வட்டம் போட்ட மாதிரித் தெரிகிறது. நீங்கள் நடக்கும்போது கூடவே ஓடும் அலை வேறு. அதை ஹோலோகிராம் என்பார்கள். ரோட்டரி மிஷினில் கம்பளிப் பேடு மாட்டி, கரடான காம்பவுண்டு (பெயின்ட்டைத் தேய்க்கும் பசை) போட்டு ஒரு தேய் தேய்த்துவிட்டு, அதற்கு அடுத்த மென்மையான கட்டத்தைச் செய்யாமல் வண்டியைக் கொடுத்தால் வருவது அது. நேரமும் கூலியும் மிச்சம், அவ்வளவுதான் காரணம்.

அப்படியானால் முதல் நாள் ஏன் பளபளத்தது? பல காம்பவுண்டுகளிலும், கிளேஸ் என்னும் பளபளப்புப் பூச்சுகளிலும் எண்ணெய்ப் பசை உண்டு. அது கீறலுக்குள் நிரம்பி, முகத்தில் பவுடர் அப்பினாற்போல மறைத்து வைக்கும். இரண்டு தடவை ஷாம்பு போட்டால் போய்விடும், கோடு வெளியே வந்துவிடும். இதை வண்டி எடுக்கும் அன்றே கண்டுபிடிக்க வழி இருக்கிறது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஒரு பங்குக்கு மூன்று நான்கு பங்கு தண்ணீர் கலந்து, சுத்தமான மைக்ரோஃபைபர் துணியில் தெளித்து, பானெட்டில் இரண்டு அடி இடத்தை மெதுவாகத் துடையுங்கள். செல்போன் டார்ச்சை அருகில் பிடித்துப் பாருங்கள். துடைத்த இடமும் துடைக்காத இடமும் ஒரே மாதிரி இருந்தால் வேலை நிஜம். டியூப்லைட் வெளிச்சத்தில் எந்த வண்டியும் அழகாகத்தான் இருக்கும், அங்கே நின்று திருப்தி சொல்லிவிட்டு வராதீர்கள்.

இனி மிஷின். தாராளமாக வாங்கலாம், ஆனால் முதல் மிஷினாக ரோட்டரி வேண்டாம். அது ஒரே அச்சில் சுற்றுவது. வேகமாக வெட்டும், அதாவது பெயின்ட்டைச் சீவும், சூட்டையும் ஒரே இடத்தில் ஏற்றும். கை பழகியவருக்கு நல்ல கருவிதான். பழகாதவர் பானெட் விளிம்பில் இரண்டு விநாடி கூடுதலாக நிறுத்தினால் பெயின்ட் போய் பிரைமர் தெரியும். உங்களுக்கு வேண்டியது டூயல் ஆக்‌ஷன், கடைகளில் டி.ஏ. மிஷின் என்று கேட்டால் தெரியும். இதில் பேடு சுற்றிக்கொண்டே ஆடவும் செய்யும். ஒரே பாதையில் திரும்பத் திரும்ப உரசாது என்பதால் ஹோலோகிராம் வருவது மிக அரிது. அழுத்திப் பிடித்தால் சுற்றுவதை நிறுத்திவிடும், அதுவே ஒரு பாதுகாப்பு.

ஆட்டத்தின் அகலம் 8 மி.மீ., 15 மி.மீ., 21 மி.மீ. என்று வரும். வளைவும் நெளிவும் நிறைய உள்ள சின்ன காருக்கு 8 போதும், பெரிய வண்டிக்கு 15 சௌகரியம். வீட்டில் ஒரு காரை வைத்துக்கொண்டு 21 வாங்கத் தேவையில்லை. இத்தாலியின் ரூப்ஸ் போன்ற பெயர்பெற்ற மிஷின்கள் அருமையானவை, விலையும் அதற்கேற்றபடி. தினமும் நாலு வண்டி செய்பவருக்கு அது பொருந்தும். வருடத்துக்கு ஒரு முறை தொடப்போகிற உங்களுக்கு, வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகி இருக்கிறதா, பேடு ஒட்டும் 5 அங்குலத் தட்டு (பேக்கிங் பிளேட்) தனியாகக் கிடைக்கிறதா, மோட்டாரின் கார்பன் பிரஷ் மாற்றித் தர ஊரில் ஆள் இருக்கிறாரா என்பதே முக்கியம்.

ஒன்றைக் கட்டாயம் சொல்லவேண்டும். வெல்டிங் பட்டறையில் இருக்கும் 4 அங்குல ஆங்கிள் கிரைண்டரில் மாட்டிக்கொள்ளலாம் என்று இணையத்தில் சல்லிசாகப் பேடு விற்கிறார்கள். அந்த கிரைண்டர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 11,000 சுற்று சுற்றும். பாலிஷுக்கு ரோட்டரியைக்கூட ஆயிரத்துச் சொச்சத்தில்தான் பெரும்பாலும் ஓட்டுவார்கள். அந்தப் பக்கமே போகாதீர்கள்.

ஆனால் கைவசம் உள்ள காசையெல்லாம் மிஷினில் போட்டுவிடாதீர்கள். நான் பார்த்தவரை, பெரும்பாலும் கோடு விழுவது மிஷினால் அல்ல, பேடாலும் துணியாலும்தான். மிஷினோடு இலவசமாக வரும் ஒரே ஒரு பேடை வைத்து முழு வண்டியையும் முடிப்பவர்கள் உண்டு. பானெட் முடிவதற்குள் அந்தப் பேடு காய்ந்த காம்பவுண்டும் தேய்ந்த பெயின்ட்டும் கலந்து கெட்டிப்பட்டிருக்கும். அப்புறம் அது பாலிஷ் போடாது, கீறும். வெட்டுவதற்கு ஒன்றிரண்டு, மெருகுக்கு மூன்று நான்கு நல்ல ஃபோம் பேடாவது கையில் இருக்கட்டும். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் மிஷினை மெதுவாக ஓடவிட்டு நைலான் பிரஷ்ஷால் பேடைச் சுரண்டுங்கள், புகைபோலத் தூசு பறக்கும். ஒரு டோரோ ஒரு ஃபெண்டரோ முடிந்ததும் பேடையே மாற்றுங்கள். ஒரு பேடு தரையில் விழுந்துவிட்டால், தட்டிவிட்டு மாட்டுகிற வேலையே வேண்டாம். அதைத் தனியே போட்டுவிடுங்கள், துவைத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

துணி விஷயத்தில் நம் ஊரின் பெரிய வில்லன் பனியன் வேஸ்ட். பட்டறையில் ஆயில் துடைக்க அது பிரமாதம். ஆனால் அதில் தையல் முடிச்சு இருக்கும், சில சமயம் அச்சடித்த பிளாஸ்டிக் பூச்சும் இருக்கும். மூன்று மணி நேரம் மெருகேற்றிய கருப்பு பெயின்ட்டை அதால் ஒரே ஒரு துடைப்புத் துடைத்தால் போதும், ஆரம்பித்த இடத்துக்கே வந்துவிடுவீர்கள். மைக்ரோஃபைபர் வாங்கும்போது ஓரத் தையல் முரடாக இல்லாததாகப் பாருங்கள், லேபிளை வெட்டிவிடுங்கள். சந்தேகம் இருந்தால் வீட்டில் சும்மா கிடக்கும் பழைய சி.டி.யின் பளபள பக்கத்தில் நன்றாகத் தேய்த்துப் பாருங்கள். அங்கே கோடு போடுகிற துணி காரிலும் போடும். துவைக்கும்போது கம்ஃபோர்ட் மாதிரி எதையும் ஊற்றவேண்டாம், மற்ற துணிகளோடு சேர்க்கவும் வேண்டாம்.

காம்பவுண்டில் ‘ஒரே பாட்டிலில் எல்லாம்’ என்று வருவதைத் தேடாமல் இரண்டாக வாங்குங்கள், வெட்டுவதற்கு ஒன்று, மெருகுக்கு ஒன்று. மெக்வயர்ஸ், மென்செர்னா, சோனாக்ஸ், 3எம் எல்லாமே இங்கே கிடைக்கின்றன. எதை வாங்கினாலும் கரடானதை முதலில் திறக்காதீர்கள். ஒரு கார் கம்பெனியின் கருப்பு பெயின்ட் மென்மையாகவும், இன்னொரு கம்பெனியின் வெள்ளை கல் மாதிரியும் இருக்கும். டிக்கி மூடியில் ஓரமாக இரண்டடிச் சதுரம் எடுத்து மென்மையான பேடு, மென்மையான பாலிஷ் என்று தொடங்குங்கள். கோடு போய்விட்டதா? முழு வண்டிக்கும் அதுவே போதும். போகவில்லை என்றால் முதலில் பேடை ஒரு படி கடினமாக்குங்கள், அதற்கும் மசியாவிட்டால் காம்பவுண்டை மாற்றுங்கள்.

செய்கிற அன்று வண்டியைக் கழுவுவதில் அலட்சியம் கூடாது. டோர் இடுக்கு, கண்ணாடி ரப்பர் பீடிங், நம்பர் பிளேட்டின் பின்புறம், இங்கெல்லாம் மணல் ஒளிந்திருக்கும். மிஷின் அதிரும்போது அது உதிர்ந்து பேடுக்கு அடியில் மாட்டும். சின்னச் சின்னச் சுருளாகக் கீறல் கிடைத்தால் மணல் மாட்டியது என்று அர்த்தம், உடனே நிறுத்திப் பேடை மாற்றவேண்டும். கழுவிய பிறகு கிளே பார் (ஒட்டிய அழுக்கை எடுக்கும் களிமண் போன்ற கட்டி) போடுங்கள். பிளாஸ்டிக் பைக்குள் கையை விட்டு பெயின்ட்டைத் தடவிப் பாருங்கள், சொரசொரப்பு இருக்கும் வரை கிளே வேலை முடியவில்லை. கருப்பு பிளாஸ்டிக் பாகங்களுக்கும், வளைவின் கூர் விளிம்புகளுக்கும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். காம்பவுண்டு காய்ந்து பிளாஸ்டிக்கில் வெள்ளையாகப் பிடித்தால் போக்குவது பெரும் பாடு.

நம் வெயிலில், நிழலில் நிற்கும் வண்டியாக இருந்தாலும் பானெட்டில் கை வைத்துச் சூடு தெரிந்தால் காத்திருங்கள். காம்பவுண்டு அதில் உடனே காய்ந்துவிடும். என்ஜின் ஆறியிருக்க வேண்டும். காலை ஆறு மணிக்குத் தொடங்குவது உத்தமம். பேடில் பட்டாணி அளவு நாலு சொட்டு. மிஷினைப் பெயின்ட்டில் வைத்த பிறகே சுவிட்ச். குறைந்த வேகத்தில் பரப்பிவிட்டு, வேகத் திருகியை 4 அல்லது 5க்கு ஏற்றி, விநாடிக்கு ஒரு அங்குலம் என்ற கணக்கில் குறுக்கும் நெடுக்குமாக நாலு முறை போங்கள். நிறுத்திய பிறகே தூக்குங்கள். பேக்கிங் பிளேட்டின் ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு வைத்தால் பேடு சுற்றுகிறதா, வெறுமனே ஆடுகிறதா என்று தெரியும். சுற்றவில்லை என்றால் அழுத்தம் அதிகம்.

அப்புறம், வயரைத் தோளில் போட்டுக்கொள்ளுங்கள். பின்னால் ஃபெண்டரில் வயர் உரசிக்கொண்டே வந்து போடும் கோட்டை யாரும் கவனிப்பதில்லை. பெல்ட் பக்கிள், கடிகாரம், மோதிரம் மூன்றையும் வீட்டுக்குள்ளேயே கழற்றி வைத்துவிட்டு வாருங்கள்.

கேள்வி: வருடத்துக்கு இரண்டு முறை மிஷின் பாலிஷ் என்று ஒரு பேக்கேஜ் தருகிறார்கள். வெள்ளை கார். பணம் கட்டலாமா? எங்கள் அபார்ட்மென்டில் தினமும் ஒருவர் வந்து வண்டியைத் துடைத்துவிட்டும் போகிறார்.
(சென்னை வாசகி)

பதில்: கட்டாதீர்கள். காரின் நிறத்துக்கு மேலே இருக்கும் கிளியர் கோட் பெரும்பாலும் 35 முதல் 50 மைக்ரான்தான், தலைமுடியின் பருமனைவிடக் குறைவு. பாலிஷ் என்பது அதைச் சீவி எடுப்பது. மென்மையாகச் செய்தால் ஒன்றிரண்டு மைக்ரான், கரடான காம்பவுண்டு என்றால் இன்னும் கூடுதல். வெயிலிலிருந்து நிறத்தைக் காப்பதும் இந்தக் கிளியர் கோட்தான். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை சீவிக்கொண்டிருந்தால் சில வருடங்களில் கூரையும் பானெட்டும் வெளுத்து உரியத் தொடங்கும். அப்போது பாலிஷ் உதவாது, பெயின்ட்தான் அடிக்கவேண்டும். அந்தப் பேக்கேஜில் பாலிஷுக்குப் பதில் வேக்ஸ் அல்லது சீலன்ட் மட்டும் போட்டுத் தருவார்களா என்று கேட்டுப் பாருங்கள், அதில் தேய்மானம் கிடையாது.

உங்கள் கேள்வியில் போகிற போக்கில் சொன்ன விஷயம்தான் பெரியது. தினமும் துடைப்பவர் ஒரே வாளி, ஒரே துணியோடு பத்து வண்டியை முடிக்கிறார் என்றால், முதல் வண்டியின் மணல் பத்தாவது வண்டி வரை பயணம் செய்கிறது. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவருக்குக் கொடுக்கும் சம்பளத்துக்கும் நேரத்துக்கும் அதுதான் முடியும். கண்ணாடியை மட்டும் தினமும் துடைக்கச் சொல்லுங்கள். மற்றதை வாரம் ஒரு முறை, முதலில் பைப்பில் தூசியை அடித்துவிட்டு, இரண்டு வாளி (ஒன்றில் ஷாம்பு, ஒன்றில் துணியை அலசும் தண்ணீர்) வைத்துக் கழுவட்டும். துணியும் வாளியும் நீங்களே வாங்கிக் கொடுத்துவிடுங்கள். போர் தண்ணீர் என்றால் அப்படியே காயவிடக்கூடாது, உப்புப் பொட்டு விழும். கோடு இல்லாத வெள்ளை கார் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் உச்சி வெயிலில் ஒருமுறை டிக்கியைப் பார்க்கலாம். வெள்ளையில் கோடு தெரியாதே தவிர, விழாமல் இல்லை.

கேள்வி: நகம் மாட்டுகிற அளவுக்கு டோரில் ஒரு கீறல். மிஷின் பாலிஷில் போய்விடும் என்கிறார் கடைக்காரர்.
(திருச்சி வாசகர்)

பதில்: போகாது. நகம் மாட்டினால் கீறல் கிளியர் கோட்டில் ஆழமாக இறங்கிவிட்டது, சில சமயம் அதைத் தாண்டியே போயிருக்கும். அது மறைய வேண்டுமானால் சுற்றிலும் அந்த ஆழத்துக்குச் சீவவேண்டும், சீவ அவ்வளவு இல்லை. ஓரங்களை மழுக்கிக் கண்ணுக்குக் குறைவாகத் தெரியச் செய்யலாம். அதற்கு மேல் டச்‑அப் அல்லது பெயின்ட்.

கேள்வி: செராமிக் கோட்டிங்குக்கு முன் பாலிஷ் போட்டபோது பானெட் மடிப்பில் பெயின்ட்டை எரித்துவிட்டார்கள். முன்பே அப்படி இருந்தது என்று சாதிக்கிறார்கள். என்ன செய்யலாம்?
(மதுரை வாசகர்)

பதில்: விடும் முன் எடுத்த போட்டோவோ வீடியோவோ, வாட்ஸ்அப்பில் அனுப்பியதோ எது இருந்தாலும் தேடுங்கள். வண்டியை உங்களிடமிருந்து எடுத்துக்கொள்ளும்போது அவர்கள் எழுதிய ஜாப் கார்டில் அந்த இடம் குறிக்கப்படவில்லை என்றால் அதுவே உங்கள் பக்கத்துச் சாட்சி. வேறொரு பெயின்ட் கடையில் பெயின்ட்டின் தடிமனை அளக்கும் மீட்டர் வைத்து அளந்து, மடிப்பிலும் சுற்றிலும் என்ன அளவு என்று எழுதி வாங்குங்கள். மடிப்பில் மட்டும் அளவு சட்டென்று இறங்கியிருந்தால் தேய்த்த தடம் அது. 200 மைக்ரானுக்கு மேலே போனால் அந்த இடம் முன்பே பெயின்ட் அடித்தது என்று அவர்கள் வாதாடக்கூடும், தயாராக இருங்கள்.

முதலில் கடைக்கு எழுத்தில் கொடுங்கள், பதினைந்து நாள் கெடு வைத்து, பானெட்டுக்குப் பெயின்ட் அடிக்க ஆகும் செலவின் எஸ்டிமேட்டையும் இணையுங்கள். மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பல கடைகள் அந்தக் கட்டத்திலேயே இறங்கி வருவது உண்டு. அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்கவேண்டும். நீங்கள் கடைக்குக் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் இல்லை, வக்கீல் வைத்தே ஆகவேண்டும் என்பதும் இல்லை. பில் மட்டும் கட்டாயம் வேண்டும். ஜி.எஸ்.டி. இல்லாமல் குறைத்துத் தருகிறேன் என்ற பேச்சில் பில் வாங்காமல் வந்திருந்தால், ஜிபே பணம் அனுப்பிய பதிவையாவது அழிக்காமல் வைத்திருங்கள்.