மேப்பிள் காய்ச்ச ஒரு விறகு அடுப்பு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இரவில் உறைநிலைக்குக் கீழே, பகலில் நாலைந்து பாகை மேலே. இப்படி வெப்பநிலை மாறி மாறி வரத் தொடங்கினால் மேப்பிள் மரத்தில் சாறு ஓடும். தென் ஒன்ராறியோவில் இது பெப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் முற்பகுதி வரை. இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை மரத்தைப் பற்றியவை அல்ல, அடுப்பைப் பற்றியவை. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே சிக்கல்தான் இருக்கிறது: நெருப்பு மூட்ட எல்லோருக்கும் தெரிகிறது, அந்தச் சூட்டை, சாறு காய்ச்சும் தட்டையான பாத்திரமான பானின் அடிக்குக் கொண்டுபோவதில்தான் கோட்டை விடுகிறார்கள்.

பின்வளவில் மூன்று மேப்பிள் மரங்கள் நிற்கின்றன. அடுப்புக் கட்டினால் கட்டுபடியாகுமா? – ஏஜாக்ஸ்

ஆகாது. ஒரு துளையிலிருந்து ஒரு பருவத்துக்கு 40 லீற்றர் சாறு கிடைத்தால் நல்ல விளைச்சல். அதைக் காய்ச்சினால் 1 லீற்றர் சிரப். நெஞ்சுயரத்தில் 25 முதல் 30 சென்ரிமீற்றர் விட்டமாவது இல்லாத மரத்தில் துளையிடவே கூடாது. மூன்றும் தேறினாலும் உங்களுக்கு மூன்று லீற்றர். அதற்கு வெளியில் வைத்து எரிக்கும் புரொப்பேன் அடுப்பே போதும். பத்துத் துளைக்கு மேல் போனால் விறகு அடுப்பைப் பற்றி யோசியுங்கள்.

சீனி அளவு மரத்துக்கு மரம் மாறும். 86ஐச் சாற்றின் சீனி வீதத்தால் வகுத்தால், 1 லீற்றர் சிரப்புக்கு எத்தனை லீற்றர் சாறு வேண்டும் என்பது வரும். 2 வீதமென்றால் 43. வெள்ளி மேப்பிள் போல 1.5 வீதம் தருகிற மரமென்றால் 57.

எதைச் செய்தாலும் வீட்டுக் குசினியில் காய்ச்ச வேண்டாம். நாற்பது லீற்றர் நீரும் உங்கள் சுவரிலும் கூரையிலும்தான் போய்ப் படியும்.

அண்ணை, நான் கேட்டரிங் செய்கிறேன். சாப்பாடு சூடாக வைக்கும் நீளச் சதுர ஸ்டெயின்லெஸ் தட்டுகள் நிறையக் கிடக்கின்றன. அவற்றை வைத்துச் செய்யலாமா? எப்படிக் கட்டுவது? – ஸ்காபரோ

தாராளமாக. வீட்டில் கட்டுகிறவர்களுக்கு அதைவிட மலிவான நல்ல பான் இல்லை. முழு அளவுத் தட்டு ஏறத்தாழ 20 அங்குலம் நீளம், 12 அங்குலம் அகலம். மூன்றை அடுத்தடுத்து வைத்தால் 5 சதுர அடி பரப்பு. ஆவியாவது பரப்பைப் பொறுத்தது, ஆழத்தைப் பொறுத்ததல்ல. நல்ல தீயில் ஒரு சதுர அடிக்கு மணிக்கு ஒரு அமெரிக்க கலன், அதாவது 3.8 லீற்றர் வற்றும் என்பது தொழிலில் உள்ளவர்களின் கணக்கு. கையால் கட்டிய அடுப்பில் அதில் பாதியை எதிர்பாருங்கள். அப்படியானால் மணிக்கு 10 லீற்றர். 40 லீற்றர் சாற்றுக்கு நாலு மணி நேரம்.

சீமெந்துக் கல்லை மூன்று வரிசை அடுக்குங்கள். உள்ளகலம் 20 அங்குலம், நீளம் 38 அங்குலம். தட்டின் விளிம்பு கல்லின்மேல் தொங்கி நிற்க வேண்டும். இரண்டு தட்டுகள் சந்திக்கும் இடத்தில் குறுக்கே ஒரு இரும்புக் கோணச்சட்டம் போடுங்கள். முன்பக்கம் விறகு போட வாய், பின்பக்கம் 6 அங்குலக் கறுப்பு இரும்புப் புகைபோக்கி, உயரம் குறைந்தது 6 அடி. நாகம் பூசிய வெள்ளைத் தகரக் குழாய் வேண்டாம். கடும் சூட்டில் அதிலிருந்து வரும் புகை நச்சு.

பலர் விட்டுவிடும் இடம் இனித்தான். முன் தட்டின் அடியில் மட்டும்தான் நெருப்புக்கு ஆழம் தேவை. மற்ற இரண்டு தட்டுகளுக்குக் கீழே மணலையோ உடைந்த கல்லையோ சரிவாக நிரப்பி, தட்டின் அடிக்கும் மணலுக்கும் இடையில் 2 அங்குலம் மட்டும் விடுங்கள். உங்கள் தட்டு 4 அங்குல ஆழமென்றால், கல்லின் மேல்மட்டத்திலிருந்து 6 அங்குலம் கீழே மணல் நிற்கும். அப்போதுதான் தீ நாக்கு தட்டின் அடியை நக்கிக்கொண்டே புகைபோக்கிக்குப் போகும்.

சீமெந்துக் கல் சூட்டில் வெடிக்கும். நெருப்பு எரியும் பகுதிக்கு உள்ளே தீச்செங்கல் வைத்தால் ஒன்றிரண்டு பருவம் தாங்கும். ஆற்றுக் கல்லைக் கொண்டுவந்து அடுக்காதீர்கள். உள்ளே ஈரமிருந்தால் சிதறும். இன்னொன்று, மார்ச் மாதத் தரை உறைந்து கல்லுப்போல இருக்கும். அடுப்பு எரிய எரிய அது இளகி ஒரு பக்கம் புதையும். தட்டுச் சரிந்தால் சாறு மெல்லிய பக்கம் கருகிவிடும். அடியில் நடைபாதைக் கல் பரப்பி, ஒவ்வொரு நாளும் மூட்ட முன் மட்டம் பாருங்கள்.

தீ சுவாலை விட்டு எரிகிறது, புகைபோக்கி சிவக்கிறது. ஆனால் பானில் கொதியே இல்லை. ஏன்? – மார்க்கம்

புகைபோக்கி சிவக்கிறது என்று நீங்களே பதிலை எழுதிவிட்டீர்கள். சூடு வானத்துக்குப் போகிறது. மேலே சொன்ன மணல் சரிவு உங்கள் அடுப்பில் இல்லை என்றே நினைக்கிறேன். பெட்டி போல உள்ளே வெறுமையாக இருந்தால் சுவாலை குறுக்கு வழியில் பின்னே ஓடிவிடும்.

அடுத்தது காற்று. விறகு நிலத்தில் கிடந்தால் எரியும், ஆனால் சீறாது. கம்பிச் சட்டத்தின் மேல் விறகு, அதற்குக் கீழே காற்று வர வாய். மேல் கதவை மூடி, கீழ் வாயைத் திறந்து வையுங்கள். சாம்பல் ஏறிக் கம்பி அடைத்தால் கொதி தானாகத் தளரும்.

விறகைக் கைமணிக்கட்டுப் பருமனுக்குக் கொத்துங்கள். பெரிய குற்றி தணலாகி நின்று சூடு தரும். குளிர்காய அது நல்லது, சாறு வற்ற வைக்க வேண்டியது நீண்ட சுவாலை. ஏழெட்டு நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு மூன்று துண்டு போட்டு உடனே கதவை மூடுங்கள். பைன் போன்ற மென்மரப் பலகைக் கழிவைச் சிரப் பண்ணைகளில் விரும்பி எரிப்பார்கள். அதன் சாம்பலும் தாரும் பற்றிக் கவலை வேண்டாம், நீங்கள் வெட்டவெளியில் நிற்கிறீர்கள்.

கடைசியாக, குளிர்ந்த சாற்றை வாளியோடு கவிழ்க்கிறீர்களா? கவிழ்த்த கணமே கொதி நின்று, திரும்பி வரப் பல நிமிடங்கள் போகும். ஒரு பெரிய பேணியின் அடியில் ஆணித் துளை போட்டு, புகைபோக்கிக்கு அருகிலுள்ள தட்டுக்கு மேல் வையுங்கள். நூல்போல ஒழுகட்டும். அந்தத் தட்டில் சூடான சாற்றை அகப்பையால் நடுத் தட்டுக்கும் முன் தட்டுக்கும் மாற்றுங்கள். தட்டில் இரண்டு அங்குலத்துக்கு மேல் வேண்டாம், ஒரு அங்குலத்துக்குக் கீழே போகவே விடாதீர்கள்.

ஊரில் கருப்பணி காய்ச்சிப் பனங்கட்டி எடுத்த குடும்பம் எங்களுடையது. அதே மாதிரிப் பெரிய தாச்சியில் காய்ச்சினால் என்ன? – பிரம்ப்டன்

காய்ச்சலாம். ஐரோப்பியர் கொண்டுவந்த இரும்புக் கெண்டிகளில் இங்கே நெடுங்காலம் அப்படித்தான் காய்ச்சினார்கள். அதற்கு முன்பே அனிஷினாபே உள்ளிட்ட முதற்குடி மக்கள் இந்தச் சாற்றை எடுத்துச் சீனியாக்கி வந்தார்கள். தட்டையான பான் 19ஆம் நூற்றாண்டில்தான் பரவியது.

ஆனால் கருப்பணியில் சீனி 10 வீதத்துக்கு மேல். மேப்பிளில் 2 வீதம். அதே அளவு இனிப்புக்கு ஐந்து மடங்கு நீரை வற்றவைக்க வேண்டும். குழிந்த தாச்சியில் மேற்பரப்பு குறைவு. சாறு இறங்க இறங்க மேல் ஓரம் காய்ந்து, தெறித்த சீனி அங்கே கருகி, அந்தக் கசப்பு முழுவதிலும் இறங்கும். பனங்கட்டிக்கு அந்தக் கரிய வாசம் ஒரு அழகு. மேப்பிளுக்கு அது பழுது.

சுண்ணாம்பு தேவையில்லை. ஊர் வெயிலில் கருப்பணி சில மணி நேரத்தில் புளிக்கும், அதனால்தான் முட்டிக்குள் பூசினோம். இங்கே பனிக்குள் புதைத்த வாளியில் சில நாள் தாங்கும். பாலைப் போல நினைத்துக்கொள்ளுங்கள், குளிரில் வையுங்கள், சீக்கிரம் காய்ச்சுங்கள்.

பழைய எண்ணெய்த் தாங்கியை வெட்டி அடுப்பாக்கலாம் என்கிறார்கள். பாதுகாப்பானதா? – கிங்ஸ்ரன்

வெட்டி முடித்த தாங்கி அருமையான அடுப்பு. வெட்டுவதுதான் ஆபத்து. வெறுமையாகத் தெரியும் தாங்கியில் எண்ணெய் ஆவி இருக்கும்; பொறி பட்டால் வெடிக்கும். சுத்தம் செய்து வெட்டத் தெரிந்த ஒட்டுத் தொழிலாளியிடம் கொடுங்கள். டிரம் என்றால் உணவுப் பொருள் வந்ததாகப் பார்த்து எடுங்கள், முதல் முறை பான் வைக்காமல் எரித்து நிறப்பூச்சைப் போக்குங்கள்.

அடுப்பைவிடப் பானில் கவனம் வேண்டும். பழைய பண்ணை ஏலங்களில் ஈய ஒட்டு வைத்த தகரப் பான்களும் வாளிகளும் மலிவாக வரும். சுவரில் அழகுக்கு மாட்டுங்கள். நாற்பது மடங்கு சுண்டும் சாற்றில் ஈயமும் சேர்ந்துதான் சுண்டும்.

சிரப்பில் பன்றிக் கொழுப்புப் போடுவார்களாமே? நாங்கள் சைவம். – மிஸிஸாகா

முன்பு பானுக்கு மேலே ஒரு துண்டு பன்றிக் கொழுப்பை நூலில் கட்டித் தொங்கவிடும் வழக்கம் உண்மையில் இருந்தது. நுரை பொங்கி அதைத் தொட்டதும் அடங்கிவிடும். எந்தக் கொழுப்பும் அந்த வேலையைச் செய்யும். இன்று பண்ணைகளில் பெரும்பாலும் தாவர எண்ணெயிலிருந்து செய்த நுரையடக்கிதான். சிறு பண்ணையில் வாங்கினால் கேட்டுப் பாருங்கள், ஒளிக்காமல் சொல்வார்கள். நீங்களே காய்ச்சினால் ஒரு துளி வெண்ணெயோ சூரியகாந்தி எண்ணெயோ போதும். நல்லெண்ணெய் வேண்டாம். மணம் போகாது.

எப்போது இறக்குவது? ஒருமுறை பூஞ்சணம் பிடித்தது, மறுமுறை போத்தலுக்குள் கற்கண்டு. – லண்டன், ஒன்ராறியோ

முதலாவது தண்ணீர்ப் பதம், இரண்டாவது முற்றிய பதம். கனடாவில் சிரப் என்று விற்க 66 பிரிக்ஸ், அதாவது எடையில் 66 வீதம் சீனி இருக்க வேண்டும். அந்த நிலையில் அது தண்ணீரின் கொதிநிலையைவிட ஏறத்தாழ 4 பாகை செல்சியஸ் கூடுதலாகக் கொதிக்கும். 104 என்று எழுதி வைத்துவிட்டு அதையே நம்பாதீர்கள். காற்றழுத்தம் மாறினால் கொதிநிலையும் மாறும். அன்றன்று முதலில் வெறும் தண்ணீரைக் கொதிக்க வைத்து உங்கள் வெப்பமானி என்ன காட்டுகிறது என்று பார்த்து, அதோடு 4 கூட்டுங்கள். அகப்பையைத் தூக்கிச் சரித்தால், பதம் வந்த பாகு சொட்டுச் சொட்டாக விழாமல் விளிம்பில் ஒன்றுசேர்ந்து திரைபோலத் தொங்கும்.

கடைசி இரண்டு பாகையை விறகு அடுப்பில் எடுக்க வேண்டாம். விறகை நினைத்த கணத்தில் அணைக்க முடியாது. அந்த மிச்சத்தை வீட்டுக்குள் சிறு சட்டியில் முடியுங்கள். அப்போது வரும் ஆவி கொஞ்சம்தான்.

அடியில் படியும் மணல் போன்ற துகள் அழுக்கல்ல, பெரும்பாலும் கல்சியம் மலேட் என்னும் உப்பு. சூடாக இருக்கும்போதே கம்பளித் துணியில் வடியுங்கள். 82 முதல் 85 பாகையில் போத்தலில் அடையுங்கள். 88 தாண்டச் சூடாக்கினால் வடித்த பிறகும் புதிதாக மணல் இறங்கும்.

எவ்வளவு விறகு சேர்க்க வேண்டும்? சரக்கு அடுக்கி வரும் தட்டுப்பலகை (pallet) எரிக்கலாமா? – வாட்டர்லூ

1 லீற்றர் சிரப்புக்கு ஏறத்தாழ 39 லீற்றர் நீரை ஆவியாக்குகிறீர்கள். அதற்கு 100 மெகாஜூல் சூடு. காய்ந்த விறகு கிலோவுக்கு 15 மெகாஜூல் தரும், வீட்டு அடுப்பில் அதில் மூன்றிலொரு பங்கு பானுக்குப் போனால் அதிர்ஷ்டம். ஆகவே லீற்றருக்கு 20 கிலோ விறகு. ஈர விறகென்றால் விறகின் நீரையும் சேர்த்துக் காய்ச்சுகிறீர்கள்.

குறைக்க ஒரு வழி இருக்கிறது. இரவில் வாளியில் உறையும் பனிக்கட்டியை எடுத்து எறியுங்கள், அதில் சீனி மிகக் குறைவு. சாற்றிலிருந்து நீரைப் பிரித்தெடுக்கும் சிறிய எதிர்ச் சவ்வூடு வடிகட்டி வாங்கி 2 வீதத்தை 4 ஆக்கினால் விறகும் நேரமும் பாதியாகும்.

தட்டுப்பலகையில் முத்திரை பாருங்கள். எச்டி (HT) என்றால் சூட்டில் பதப்படுத்தியது, எரிக்கலாம். எம்பி (MB) என்றால் மெதில் புரோமைட்டு என்ற நச்சு வாயு ஏற்றியது, தொடாதீர்கள். பச்சை நிறமேறிய வேலிப் பலகையும் நிறம் பூசியதும் கூடாது. வெட்டவெளியில் தீ மூட்ட உங்கள் ஊராட்சியின் தீயணைப்புப் பிரிவு அனுமதி கேட்குமா என்பதைக் கல் வாங்குவதற்கு முன் தொலைபேசியில் விசாரியுங்கள்.

பருவம் முடிந்ததும் தட்டில் ஒட்டிய வெள்ளைப் படிவு சுரண்டியும் போகவில்லை. – ஓரஞ்ச்வில்

சுரண்ட வேண்டாம், கீறலில் அடுத்த வருடம் இன்னும் பிடிக்கும். வினாகிரியும் வெந்நீரும் ஊற்றி ஓரிரவு விடுங்கள். கடைசி நாள் சாற்றையே தட்டில் விட்டுப் புளிக்கவைத்தாலும் படிவு கழன்றுவிடும், நாற்றத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.