வீட்டில் எடுக்கும் பாட வீடியோ – கடிதம்

அன்புள்ள ஐயா,

பத்தாம் வகுப்பு கணிதப் பாடங்களை வீட்டு முன்னறையில் வெள்ளைப் பலகையில் எழுதிக் காட்டி, பழைய ஆண்ட்ராய்டு கைபேசியில் பதிவுசெய்து யூட்யூபில் போட்டுவருகிறேன். பிள்ளைகள் பார்க்கிறார்கள், குறைகளையும் சொல்கிறார்கள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறதாம். படத்தில் மங்கலான பட்டைகள் மெதுவாக நகர்கின்றன. பலகை வெளுத்துத் தெரிகிறது, என் முகம் கறுத்துப்போகிறது. சில இடங்களில் ட்யூப்லைட் பளபளத்து எழுத்தே மறைந்துவிடுகிறது. அறுபத்தைந்தாயிரம் ரூபாயில் லென்ஸோடு ஒரு கேமரா வாங்கித் தருகிறேன் என்கிறான் மகன். வாங்கலாமா? 4கே-யில் எடுத்தால்தான் தெளிவு வருமா?

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியை, மன்னார்குடி
(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள அம்மாவுக்கு,

கேமரா இப்போது வேண்டாம். நீங்கள் எழுதியிருக்கும் குறைகளில் பெரும்பாலானவை அறையிலிருந்து வருபவை. புதிய கேமராவை அதே இடத்தில் நிறுத்தினால் அதே எதிரொலியும் அதே பளபளப்பும் இன்னும் துல்லியமாகப் பதிவாகும், அவ்வளவுதான்.

முதலில் குரல். படம் சுமாராக இருந்தாலும் பிள்ளைகள் பொறுத்துக்கொள்வார்கள், குரல் புரியாவிட்டால் மூடிவிட்டுப் போய்விடுவார்கள். தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் நேராக வரும் ஒலி 6 டெசிபல் குறையும். வாயிலிருந்து 20 செ.மீ.யில் இருக்கும் மைக்கையும் 2 மீட்டர் தள்ளி நிற்கும் கைபேசியையும் ஒப்பிட்டால் வித்தியாசம் 20 டெசிபல். சுவர், டைல்ஸ் தரை, கான்கிரீட் கூரை ஆகியவற்றில் பட்டுத் திரும்பும் ஒலியோ அறை முழுக்க ஏறக்குறைய ஒரே அளவில் நிற்கும். அதனால் தள்ளியிருக்கும் மைக்குக்கு உங்கள் நேர்க்குரலைவிட எதிரொலிதான் அதிகம் கிடைக்கிறது. கிணற்றுக் குரல் என்று பிள்ளைகள் சொல்வது இதைத்தான். பதிவான பிறகு இதை முழுசாகப் பிரித்தெடுக்க வழியில்லை.

ஆகவே வாங்க வேண்டிய முதல் பொருள் ஒயர் உள்ள காலர் மைக். ஆயிரம் ரூபாய் அளவில் கிடைப்பதே போதும். அதை வீடியோ எடுக்கும் கைபேசியில் செருகினால் ஒயர் காலில் சிக்கும். வீட்டில் இன்னொரு பழைய கைபேசி கிடந்தால் (திரை உடைந்திருந்தாலும் பரவாயில்லை) அதில் செருகி, ஒலிப்பதிவுச் செயலியை ஓடவிட்டு, இடுப்பில் ஒரு சின்னப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கைபேசியும் ஓட ஆரம்பித்ததும் கேமரா பார்க்க ஒருமுறை கையைத் தட்டுங்கள். எடிட் செய்யும்போது கை சேரும் ஃப்ரேமையும் (வீடியோவின் ஒரு தனிப் படம்) ஒலிக்கோட்டில் எழும் கூர்முனையையும் நேராக வைத்தால் வாயசைவு பொருந்திவிடும். கைபேசிகளின் கடிகாரங்கள் துல்லியமாக ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. பத்து நிமிடப் பாடத்தில் அது தெரியாது, ஒரு மணி நேரம் நிறுத்தாமல் எடுத்தால் தெரியலாம். இரண்டையும் விமானப் பயன்முறையில் போட மறக்காதீர்கள். நடுவில் அழைப்பு வந்தால் சில கைபேசிகளில் பதிவே நின்றுவிடும்.

மைக் மோவாய்க்குக் கீழே ஒரு சாண் தூரத்தில், நெஞ்சின் நடுவில் இருக்கட்டும். தோள்பக்கம் குத்தினால் பலகையை நோக்கித் திரும்பும்போது குரல் ஏறி இறங்கும். கஞ்சி போட்ட பருத்திச் சேலை சரசரக்கும். சங்கிலி மைக்கில் இடித்தால் அந்தச் சத்தம் பேச்சைவிடப் பெரிதாக விழும், அதனால் சங்கிலியை ரவிக்கைக்குள் விட்டுக்கொள்ளுங்கள். எழுதுகிற கையில் கண்ணாடி வளையல் வேண்டாம். மைக்குக்குக் கீழே ஒயரை ஒரு வளையமாகச் சுற்றிச் சின்ன டேப்பால் ஒட்டிவிட்டால், நடக்கும்போது வரும் இழுப்பு மைக்வரை போகாது.

மைக் வாங்கியும் குரல் மாறவில்லை என்று பலர் சொல்வதற்கு ஒரு சிறிய காரணம் உண்டு. கைபேசியின் இயர்போன் துளைக்கான பின்னில் மூன்று கறுப்பு வளையங்கள் இருக்க வேண்டும். கேமராவுக்கான பின்னில் இரண்டுதான் இருக்கும். அதைக் கைபேசியில் செருகினால் கைபேசி அதைக் கண்டுகொள்ளாமல் தன் சொந்த மைக்கிலேயே பதிவுசெய்யும், எச்சரிக்கை எதுவும் வராது. சோதிப்பது எளிது: பதிவை ஓடவிட்டு மைக்கை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள், பிறகு கைபேசியின் அடிப்பகுதியைச் சுரண்டுங்கள். எது பலமாகக் கேட்கிறதோ அதுதான் வேலை செய்கிறது. புளூடூத் இயர்போனை மைக்காகப் பயன்படுத்த வேண்டாம். மைக்கை இயக்கியதும் அவற்றில் பெரும்பாலானவை தொலைபேசி அழைப்பின் தரத்துக்கு இறங்கிவிடும்.

பதிவின் அளவு காட்டும் செயலியாக இருந்தால், நீங்கள் சத்தமாகச் சொல்லும் இடங்களில் உச்சம் மைனஸ் 12 டெசிபலுக்கும் மைனஸ் 6 டெசிபலுக்கும் இடையில் நிற்கட்டும். பூஜ்யத்தைத் தொட்டுத் தட்டையானால் அந்த இடம் கரகரப்போடு போனதுதான். குறைவாகப் பதிவானதைப் பிறகு கூட்டிக்கொள்ளலாம்.

அறைக்குத் தரையில் ஜமுக்காளம் விரியுங்கள். நீங்கள் பார்த்துப் பேசும் சுவரில், அதாவது கேமராவுக்குப் பின்னால், ஒரு கொடி கட்டி இரண்டு தடித்த ரஜாயோ கம்பளியோ தொங்கவிடுங்கள். சுவரோடு ஒட்டாமல் ஒரு சாண் இடைவெளி விட்டால் இன்னும் நன்றாக உறிஞ்சும். முட்டை அட்டை ஒட்டும் யோசனையை யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். மெல்லிய காகித அட்டை பேச்சுக் குரலின் முக்கியமான அதிர்வெண்களைச் சரிவர உறிஞ்சுவதில்லை, தெருச் சத்தத்தையும் தடுப்பதில்லை.

அடுத்து மின்விசிறி. இதில் சமாதானத்துக்கு இடமில்லை, நிறுத்தத்தான் வேண்டும். விசிறியின் தாழ்ந்த முனகலை எடிட்டிங்கில் வெட்டிவிடலாம். மைக்கில் காற்று அடிக்கும் படபடப்பை வெட்ட முடியாது. மன்னார்குடி வெயிலில் இது கொடுமை என்பது தெரியும். ஆகவே பாடத்தை எட்டு, பத்து நிமிடத் துண்டுகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு துண்டுக்கும் நடுவில் விசிறியைப் போட்டு, முகம் துடைத்து, பலகையை அழித்து, அடுத்ததைத் தொடங்கலாம். பிள்ளைகளுக்கும் ஒரு கணக்குக்கு ஒரு வீடியோ என்றிருப்பதுதான் தேட வசதி.

இப்போது நகரும் பட்டைகள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் சாதாரண விளக்குகள் நொடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கின்றன. கண்ணுக்குத் தெரியாது. கைபேசி படத்தை ஒரே கணத்தில் முழுதாகப் பிடிப்பதில்லை, வரி வரியாகப் படிக்கிறது. ஷட்டர், அதாவது ஒவ்வொரு வரியும் வெளிச்சத்தை வாங்கும் நேரம், 1/100 நொடி என்றால் ஒவ்வொரு வரிக்கும் ஒரு முழுச் சுழற்சி வெளிச்சம் கிடைக்கும். 1/50 என்றால் இரண்டு. 1/60 என்றால் ஒன்றே முக்கால் சுழற்சிக்குச் சற்றுக் குறைவு, ஆகவே ஒரு வரிக்கு அதிகமும் இன்னொரு வரிக்குக் குறைவுமாக விழுந்து பட்டையாகத் தெரியும். கணக்கு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கைபேசி கேமராவில் எல்லாவற்றையும் கையால் வைக்க உதவும் ப்ரோ வீடியோ பகுதியில் ஷட்டரை 1/50-ல் பூட்டுங்கள், வெளிச்சம் மிகுந்தால் 1/100. வேகம் நொடிக்கு 25 ஃப்ரேம் கிடைத்தால் நல்லது, 30 என்றாலும் இந்த ஷட்டரோடு பட்டை வராது. ப்ரோ பகுதி இல்லாவிட்டால் ஓப்பன் கேமரா என்ற இலவசச் செயலியைப் போட்டுப் பாருங்கள். கைபேசி அனுமதித்தால் அதில் ஷட்டரைக் கையால் வைக்கலாம். சில கைபேசிகளின் அமைப்புகளில் மினுக்கலைத் தவிர்க்க 50 ஹெர்ட்ஸ் என்று ஒரு தேர்வே இருக்கும். எந்த விளக்கு மோசம் என்று அறிய ஸ்லோமோஷனில் அதைப் படமெடுங்கள். படபடவென்று துடிப்பது எதுவோ அதை மாற்றிவிடுங்கள்.

பலகையின் பளபளப்பு வெறும் பிரதிபலிப்பு விதிதான். முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றைப் பலகையின் மேல் தட்டையாகப் பிடித்து நகர்த்தச் சொல்லி, கேமரா நிற்கும் இடத்திலிருந்து பாருங்கள். கண்ணாடியில் எங்கே விளக்கோ ஜன்னலோ தெரிகிறதோ அங்கே எழுத்து மறையும். கேமராவுக்குப் பின்னாலுள்ள ட்யூப்லைட்டை அணைத்துவிடுங்கள், அந்தப் பக்கம் ஜன்னல் இருந்தால் தடித்த திரை போடுங்கள். நான்கடி நீள 20 வாட் எல்இடி பேட்டன் (குழல் வடிவ விளக்கு) இரண்டு வாங்கி, மரச்சட்டத்தில் செங்குத்தாகக் கட்டி, பலகையின் இருபுறமும் நிறுத்துங்கள். பலகை 120 செ.மீ. அகலம், கேமரா 2 மீட்டர் தூரம் என்றால், ஒவ்வொரு விளக்கும் பலகையின் நடுவிலிருந்து பக்கவாட்டில் ஒன்றேகால் மீட்டரிலும் பலகைக்கு முன்னால் ஒரு மீட்டரிலும் நிற்கட்டும். பிரதிபலிப்பு கேமராவுக்கு வராமல் வெளியே போய்விடும். இரண்டு பக்கமும் வெளிச்சம் இருப்பதால் எழுதும் கையின் நிழலும் மெலிந்துவிடும். இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே 6500 கெல்வின் (வெள்ளை) நிறமாக வாங்குங்கள். ஒரு பக்கம் மஞ்சள் விளக்கும் மறுபக்கம் வெள்ளை விளக்குமாக இருந்தால் எந்த எடிட்டரும் முகத்தின் நிறத்தைச் சரிசெய்ய முடியாது. அட்டைப்பெட்டியில் சி.ஆர்.ஐ. (நிறங்களை உள்ளபடி காட்டும் திறனின் அளவு) 90 அல்லது அதற்கு மேல் என்று போட்டிருந்தால் தோலின் நிறம் உயிரோடு இருக்கும். முதலில் ஒரே விளக்குதான் வாங்க முடியும் என்றால், எதிர்ப்புறம் ஒரு வெள்ளைத் தெர்மகோல் பலகையை நிறுத்துங்கள். சினிமாக்காரர்கள் இன்றைக்கும் செய்வதுதான்.

முகம் கறுப்பதற்குக் காரணம் கேமராவின் தானியங்கிக் கணிப்பு. படச்சட்டம் நிறைய வெள்ளை இருந்தால் அதை நடுத்தரச் சாம்பலாக்க முயன்று எல்லாவற்றையும் இருட்டாக்கும். நீங்கள் குறுக்கே நடந்தால் மறுபடி வெளிச்சமாக்கும். ஷட்டரைப் பூட்டியதோடு ஐ.எஸ்.ஓ.வையும் (கேமராவின் ஒளியுணர்வு அளவு) வெள்ளைச் சமநிலையையும் (வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் நிறத் திருத்தம்) கையால் நிறுத்திவிடுங்கள். உங்களை நிற்கவைத்து முகம் சரியாகத் தெரியும்வரை ஐ.எஸ்.ஓ.வைக் கூட்டி, பலகையின் மெல்லிய கோடுகள் கரைய ஆரம்பிக்கும் இடத்துக்குச் சற்று முன்னால் நிறுத்துவது போதும். 400-க்கு மேல் போக வேண்டியிருந்தால் விளக்கு போதவில்லை என்று பொருள். ஃபோகஸையும் பலகையில் வைத்துப் பூட்டுங்கள், இல்லையென்றால் நீங்கள் நகரும்போதெல்லாம் எழுத்து ஒருமுறை கலங்கித் தெளியும். இத்தனைக்கும் முன்னால் லென்ஸைப் பழைய பருத்தித் துணியால் துடைக்க வேண்டும். கைரேகை எண்ணெய்ப் படலம் இருந்தால் வெள்ளைப் பலகை புகை மூட்டமாக விழும்.

பின்பக்கப் பிரதான கேமராவையே பயன்படுத்துங்கள். 0.5 என்று காட்டும் அகலக் கேமராவில் ஓரத்தில் வரைந்த வட்டம் நீள்வட்டமாகிவிடலாம், தேற்றம் நடத்துகிறவருக்கு அது ஆகாது. லென்ஸ் பலகையின் நடு உயரத்தில் நேராகப் பார்க்கட்டும். சாய்ந்திருந்தால் இணைகோடுகள் சேரும். படச்சட்டத்துக்குள் 120 செ.மீ. அகலம் வந்தால் உயரம் 67 செ.மீ. வரும். அதில் எழுத்து 5 செ.மீ. உயரம் இருந்தால்தான் கைபேசித் திரையில் படிக்க முடியும். அடுக்குக்குறிகளுக்கு இன்னும் கவனம் வேண்டும். கறுப்பும் நீலமும் நிற்கும். சிவப்பை அடிக்கோட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள், பச்சை வெளுத்துவிடும்.

எடிட்டிங்கில் ஒலிக்கு ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள் போதும். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டுங்கள். பேசாமல் பத்து நொடி பதிவுசெய்த அறைச்சத்தத்தை மாதிரியாகக் கொடுத்து இரைச்சலை 6 முதல் 9 டெசிபல்வரை மட்டும் குறையுங்கள். அதற்கு மேல் போனால் குரல் தகரமாகும். கடைசியாக ஒலியளவை மைனஸ் 14 எல்.யூ.எஃப்.எஸ்.-க்கு (காதுக்குக் கேட்கும் மொத்தச் சத்தத்தின் அலகு) கொண்டுவாருங்கள். யூட்யூப் ஏறக்குறைய அந்த அளவுக்குமேல் போவதை இறக்கிவிடும். காலர் மைக் ஒலி சில நேரம் இடது பக்கத்தில் மட்டும் பதிவாகியிருக்கும். ஒற்றை இயர்போனை வலக்காதில் மாட்டிக் கேட்கும் பிள்ளைக்கு மௌனப்படம்தான் கிடைக்கும். மோனோவாக (இரு காதுக்கும் ஒரே ஒலியாக) மாற்றிவிட்டு ஏற்றுங்கள்.

கைபேசி வீடியோவில் ஃப்ரேம் வேகம் நடுவில் லேசாகக் கூடிக் குறையும். அதனால் எடிட்டரில் குரல் விலகினால், ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் நிலையான ஃப்ரேம் வேகத்துக்கு மாற்றிவிட்டுத் தொடங்குங்கள்.

4கே பற்றி: எடுக்கலாம், கட்டாயமில்லை. 4கே-யில் எடுத்தால் எடிட்டிங்கில் பலகையின் ஒரு பகுதியைப் பெரிதாக்கிக் காட்ட முடியும், அந்த வசதி கணக்குக்கு உதவும். ஆனால் இடம் பிடிக்கும், பழைய கைபேசி சூடேறி நடுவில் நின்றுபோகும். மேலே சொன்னவற்றைச் செய்த பிறகு 1080பி-யே தெளிவாக இருக்கும். ஏற்றும்போது 25 அல்லது 30 ஃப்ரேம் 1080பி-க்கு யூட்யூப் பரிந்துரைப்பது 8 எம்பிபிஎஸ் (நொடிக்கு இத்தனை மெகாபிட் என்ற தரவு அளவு). நீங்கள் 12 வைத்தாலும் குற்றமில்லை. கைபேசியிலிருந்து கணினிக்கு யூ.எஸ்.பி. ஒயர் வழியாக மாற்றுங்கள். மகனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி எடிட் செய்யச் சொன்னால், சாதாரண வீடியோவாகப் போகும்போது அது சுருக்கப்பட்டு எழுத்தின் ஓரங்கள் கசங்கிவிடும். அனுப்பித்தான் ஆக வேண்டுமென்றால் டாக்குமெண்ட் என்ற வழியில் அனுப்புங்கள்.