கேள்வி–பதில்: நெருப்பிலிருந்து எழுந்து வந்தவர்

கேள்வி: 2020ஆம் ஆண்டு பஹ்ரைன் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ரோமன் குரோஜானின் கார் இரண்டாகப் பிளந்து தீப்பிழம்பான காணொளியை அண்மையில் பார்த்தேன். அதிலிருந்து அவர் உயிரோடு வெளியே வந்தது அதிர்ஷ்டம் அல்லாமல் வேறென்ன? (ஒரு வாசகர், தேனி)

பதில்: அதிர்ஷ்டத்துக்கும் ஒரு பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அன்று அவரைக் காப்பாற்றியவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால், அது இல்லாத காலத்தில் உயிரிழந்த ஒருவரின் பெயர் அதன் பின்னால் இருப்பது தெரியும்.

நவம்பர் 29 அன்று, பந்தயத்தின் முதல் சுற்றிலேயே, குரோஜானின் கார் இன்னொரு காரோடு உரசித் தடம் மாறி, மணிக்கு ஏறத்தாழ 192 கிலோமீட்டர் வேகத்தில் ஓரத்து இரும்புத் தடுப்பில் மோதியது. மோதலின் விசை புவியீர்ப்பைப்போல் 67 மடங்கு எனப் பதிவாயிற்று. தலையும் தலைக்கவசமும் சேர்ந்து 6 கிலோ என்று வைத்துக்கொண்டால், அந்தக் கணத்தில் கழுத்தை இழுக்கும் பாரம் 400 கிலோ. உடலை இருக்கை வார்கள் பிடித்துக்கொள்ளும். தலையைப் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாவிட்டால் மண்டையோட்டின் அடிப்பகுதி முறிந்துவிடும். 1994இல் இத்தாலியின் இமோலாவில், உலகச் சாம்பியன் அயர்ட்டன் சென்னா இறப்பதற்கு முந்தைய நாள், ரோலண்ட் ராட்சன்பெர்கர் என்ற ஓட்டுநர் இறந்தது இவ்வகை முறிவால்தான். 2001இல் அமெரிக்காவின் டேடோனா தடத்தில் கார் பந்தய வீரர் டேல் ஏர்ன்ஹார்ட் இறந்ததும் அப்படித்தான். அவருடைய மோதல் தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்கு மிகச் சாதாரணமாகவே தெரிந்தது. தோள்மீது அமர்ந்து தலைக்கவசத்தை வாரால் பிணைத்துக்கொள்ளும் 'ஹான்ஸ்' என்ற கருவி அப்போதே புழக்கத்தில் இருந்தும், அசௌகரியம் என்று பலர் அதை ஒதுக்கியிருந்தார்கள். ஃபார்முலா ஒன்னில் அது கட்டாயமானது 2003இல்.

அடுத்தது 'ஹேலோ': ஓட்டுநரின் தலையைச் சுற்றி டைட்டானியத்தில் வளைத்த சட்டம். 2009இல் பிரிட்டனின் பிராண்ட்ஸ் ஹாட்ச் தடத்தில், வேறொரு காரிலிருந்து கழன்று உருண்டு வந்த சக்கரம் தலையில் மோதி, ஹென்றி சர்டீஸ் என்ற 18 வயது ஓட்டுநர் இறந்தார். திறந்த இருக்கையில் தலை அம்பலமாக இருப்பதைப் பற்றிய விவாதம் அதன் பிறகு வலுத்து, 2018இல் ஹேலோ கட்டாயமாக்கப்பட்டபோது, காரின் அழகே போயிற்று என்று புலம்பியவர்கள் ஏராளம். எதிர்த்தவர்களுள் குரோஜானும் ஒருவர். தம் கருத்து தவறு என்பதை மருத்துவமனைக் கட்டிலிலிருந்தே அவர் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார்.

மூன்றாவது, மருத்துவர். 1978இல் இத்தாலியின் மான்சா தடத்தில் ஓட்டுநர் ரோனி பீட்டர்சன் கால்கள் நொறுங்கிக் கிடந்தபோது, மருத்துவர் சிட் வாட்கின்ஸைக் காவலர்கள் அருகில் விடவில்லை, ஆம்புலன்ஸும் தாமதமாகவே வந்தது. மறுநாள் பீட்டர்சன் இறந்தார். முதல் சுற்றில் எல்லாக் கார்களுக்கும் பின்னால் மருத்துவரின் கார் ஓட வேண்டும் என்பது வாட்கின்ஸ் அதன்பின் வற்புறுத்திப் பெற்ற ஏற்பாடு. பஹ்ரைனில் விபத்து நடந்ததும் முதல் சுற்றில்தான். ஆகவே மருத்துவர் சில நொடிகளில் தீயின் அருகே நின்றார்.

இவற்றையெல்லாம் மெச்சும்போது, அந்த இரும்புத் தடுப்பை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை. கார் அதைப் பிளந்துகொண்டு உள்ளே புகுந்தது. தகடுகள் தலைக்கு நேராக வந்ததை ஹேலோதான் தாங்கியது. 1974இல் அமெரிக்காவின் வாட்கின்ஸ் கிளென் என்ற தடத்தில் ஓட்டுநர் ஹெல்முட் கோய்னிக் இறந்தது, இதேபோன்ற தடுப்பின் கீழ்த்தகடு விலகி, கார் அடியில் புகுந்ததால்தான். 46 ஆண்டுகள் கழித்தும் அந்தத் தவறு ஒரு தடத்தின் ஓரத்தில் அப்படியே இருந்திருக்கிறது.

கேள்வி: கார்களின் வேகத்தைக் குறைத்துவிட்டால் சாவுகளே இராதே? (ஒரு வாசகி, கும்பகோணம்)

பதில்: ஓரளவுக்குத்தான் சரி. ஓட்டுநரைக் கொல்வது வேகத்தைவிட, அந்த வேகம் எவ்வளவு குறுகிய தூரத்தில் அடங்குகிறது என்பதே. மணிக்கு 192 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் சீராக 10 மீட்டரில் நின்றால் உடல் தாங்குவது புவியீர்ப்பைப்போல் ஏறக்குறைய 15 மடங்கு. 1 மீட்டரில் நின்றால் 145 மடங்கு. பல்டியடித்துச் சிதறும் கார் பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும் வேகத்தைப் பல தவணைகளில் செலவழிக்கிறது. சுவரில் நேராக மோதும் கார் ஒரே தவணையில் செலுத்திவிடுகிறது. டயர் அடுக்குகள், நொறுங்கும்படி அமைத்த முன்மூக்கு, தடத்தையொட்டிய அகன்ற வெற்றிடம் எல்லாமே தவணையைக் கூட்டுவதற்கான வழிகள்தாம்.

இந்தக் கணக்கு பிசகுவது, நின்றுபோன காரின் பக்கவாட்டில் இன்னொரு கார் பாயும்போது. 2019இல் பெல்ஜியத்தின் ஸ்பா தடத்தில், தடுப்பில் மோதித் தடத்துக்கே திரும்பி வந்து விழுந்த ஆந்துவான் உபேரின் கார்மீது பின்னால் வந்தவர் மோத, 22 வயதான உபேர் இறந்தார். ஹேலோ அவர் காரிலும் இருந்தது.

கேள்வி: 2023 ஆகஸ்டில் சென்னையை அடுத்த பந்தயத் தடத்தில் 13 வயதுச் சிறுவன் பைக் ஓட்டி உயிரிழந்தான். பைக் பந்தயத்தில் இத்தகைய பாதுகாப்பு கிடையாதா? (ஒரு வாசகர், காஞ்சிபுரம்)

பதில்: காருக்கு இருப்பது போன்ற கூடு பைக்குக்கு இல்லை. உலக பைக் பந்தயமான மோட்டோ ஜிபியின் வீரர்கள் காற்றுப்பை பொருத்திய ஆடையை 2018 முதல் கட்டாயமாக அணிகிறார்கள்; கீழே விழும்போது தோளையும் காறை எலும்பையும் அது காக்கும், பின்னால் வரும் வண்டி ஏறினால் காக்காது. 2021இல் ஐரோப்பிய தடங்களில் 14, 15, 19 வயதுடைய மூவர் இறந்தது இப்படி விழுந்த பிறகு அடிபட்டுத்தான். சர்வதேச மோட்டார் சைக்கிள் கூட்டமைப்பு அதையடுத்து வயது வரம்பை உயர்த்தி, இளையோர் பந்தயங்களில் ஒரே நேரத்தில் ஓடும் வண்டிகளின் எண்ணிக்கையையும் குறைத்தது. உலகச் சாம்பியன் போட்டிகளில் நுழைய 2023 முதல், சில விதிவிலக்குகள் தவிர, 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். உலகப் போட்டிக்கு 18 என்றால், 13 வயதுப் பிள்ளையை எந்த வேக வண்டியில், எத்தனை பேர் நடுவே ஓடவிடுவது என்பதை நம் ஊர் அமைப்பாளர்களிடமும் பெற்றோரிடமும் நீங்கள் கேட்கலாம். அந்தக் கேள்வியில் எனக்கும் உடன்பாடு உண்டு.