அமெரிக்காவில் பட்ஜெட் தாமதமானால் என்ன ஆகும்? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

'அமெரிக்க அரசு முடங்குமா?' என்று அடிக்கடி செய்தி வருகிறதே, ஏன்?

அங்கே நிதியாண்டு அக்டோபர் 1-ல் பிறக்கிறது. அதற்குள் நாடாளுமன்றத்தில் 12 செலவு மசோதாக்கள் நிறைவேற வேண்டும். இல்லாவிட்டால் செலவுக்குப் பணமின்றிப் பல அரசுப் பணிகள் நின்றுவிடும்; அதுதான் முடக்கம். அத்தனையும் உரிய காலத்தில் முடிந்தது கடைசியாக 1996-ல்தான். அதன்பின் ஆண்டுதோறும் தற்காலிக நிதி மசோதாவை வைத்தே ஓட்டுகிறார்கள். அதன் கெடு நெருங்கும்போதெல்லாம் இதே செய்திதான்.

தற்காலிக நிதி கிடைத்துவிட்டால் கவலை இல்லையே?

இருக்கிறது. பெரும்பாலும் போன ஆண்டின் அளவிலேயே பணம் வரும். விலைவாசி ஏறினாலும் ஒதுக்கீடு ஏறாது. புதுத் திட்டம் எதையும் பொதுவாகத் தொடங்க முடியாது. ஓராண்டு ஒப்பந்தத்தைச் சில வாரங்களுக்குத் துண்டு போட்டுக் கையெழுத்திட வேண்டியிருக்கும். கெடு நீண்டதும் அதே காகித வேலை மறுபடியும். கண்ணுக்குத் தெரியாத இந்தச் சேதத்தை யாரும் பேசுவதில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

அதுவும் நிறைவேறாவிட்டால், ஊழியர்களுக்குச் சம்பளம்?

நின்றுவிடும். 2025 அக்டோபர் 1 முதல் நவம்பர் 12 வரை 43 நாள் அப்படித்தான் நின்றது. விமானக் கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர்கள் அத்தியாவசியப் பணியாளர்கள் என்பதால் வீட்டில் இருக்க முடியாது. ரேடார் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் வேலை பார்த்தார்கள். கைக்கு வந்த சம்பளச் சீட்டில் பூஜ்யம். கடைசியில் ஆள் பற்றாக்குறையால் 40 விமான நிலையங்களில் விமானங்களைக் குறைக்க வேண்டியதாயிற்று. ஏறத்தாழ 4.2 கோடிப் பேருக்கான நவம்பர் மாத உணவு உதவியும் தடுமாறியது.

நிரந்தர ஊழியர்களுக்குப் பாக்கிச் சம்பளம் தரச் சொல்லும் சட்டம் 2019-ல் வந்தது. அதே கட்டடத்தைப் பெருக்கித் துடைக்கும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. அவருக்குப் போன கூலி போனதுதான். இது அநியாயம்.

நம் நாட்டில் இப்படி நடக்குமா?

நடக்காது என்றே சொல்வேன். அரசியல் சாசனத்தின் 116-வது பிரிவு முன்பண மானியத்துக்கு, அதாவது முழு பட்ஜெட் நிறைவேறும் வரை செலவுக்கு முன்கூட்டியே பணம் ஒதுக்குவதற்கு, வழி வைத்திருக்கிறது. தேர்தல் நடந்த 2024-ல் பிப்ரவரி 1 அன்று இடைக்கால பட்ஜெட், ஜூலை 23 அன்று முழு பட்ஜெட். தவிர, மக்களவையில் மானியக் கோரிக்கை (அமைச்சகங்களின் செலவுக்கு அரசு பணம் கேட்பது) தோற்றால் ஆட்சியே போய்விடும். அங்கே அதிபர் பதவிக்கு அந்த ஆபத்து இல்லை; அதனால்தான் இழுபறி நீள்கிறது.

மகனுக்கு எச்-1பி விசா எடுக்க வேண்டும். முடக்கம் பாதிக்குமா?

குடியேற்றத் துறை பெரும்பாலும் விண்ணப்பக் கட்டணத்தில் நடப்பதால் மூடாது. ஆனால் விண்ணப்பத்துக்கு முன் தொழிலாளர் துறையின் சான்று வேண்டும். 2025 அக்டோபரில் நின்றது அதுதான். கெடு தேதி தெரிந்தால், நிறுவனத்திடம் சொல்லி அந்தச் சான்றை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள்.