2018 சீசனில் அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் அணியான அலபாமா ஏன் ஹர்ட்ஸை விட்டு டுவாவைத் தொடக்கக் குவார்ட்டர்பேக் (பந்தை வீசி அணியின் தாக்குதலை நடத்துபவர்) ஆக்கியது?

என் பார்வையில் பயிற்சியாளர் நிக் சேபன் எடுத்தது சரியான முடிவு. ஜேலன் ஹர்ட்ஸ் அதுவரை தொடக்க வீரராக இரண்டே ஆட்டங்களில்தான் தோற்றிருந்தார். பந்தோடு ஓடுவதில் கெட்டிக்காரர். ஆனால் முந்தைய சீசனின் இறுதிப்போட்டியில் (2018 ஜனவரி) ஜார்ஜியா அணியிடம் அந்த ஓட்டம் எடுபடவில்லை. பாதி ஆட்டத்தில் அலபாமா 0-13 எனப் பின்தங்கியது. அப்புறம் இறங்கிய டுவா டாகோவைலோவா, கூடுதல் நேரத்தில் 41 கெஜம் வீசி 26-23 என வெல்ல வைத்தார். நீளமாக வீசக்கூடியவர் இருந்தால் எதிரணித் தடுப்பாளர்கள் பின்னால் பரவி நிற்க வேண்டியிருக்கும். ஓட்டக்காரர்களுக்கும் வழி கிடைக்கும். ஹர்ட்ஸின் வெற்றிக் கணக்கை மட்டும் காட்டி வாதிடுவோர் இதைப் பார்ப்பதில்லை.

அதற்காக ஹர்ட்ஸைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். அதே ஆண்டு டிசம்பரில் டுவா காயப்பட்டதும் களமிறங்கி, அதே ஜார்ஜியாவை 35-28 என வீழ்த்தியவர் அவர்தான்.